கடல் தெரியும் அறை

பூவாத்தாள் கடலைப் பார்த்ததே இல்லை. கப்பல் ஏறுவதற்கு முந்தைய நாளே அதைப் பார்த்துப் பயம் தெளிய வேண்டும் என்று, கடல் தெரியாத இரண்டு ஹோட்டல்களை வேண்டாமென்று தள்ளிவிட்டாள். மூன்றாவதில் கடல் தெரியும் என்றார்கள். திரையை விலக்கினால் ஜன்னல் முழுக்க வெள்ளைச் சுவர்.

“ஏனுங்க, கடல் எங்க?” என்று கணவர் நாச்சிமுத்துவை முறைத்தாள்.

அறையைக் காட்ட வந்த பெண் சிரித்தாள். “நாளைக்குப் பதினோரு மணிக்குத் தெரியும்மா.”

“பத்து மணிக்கே நாங்க கப்பல்ல இருக்கோணுமே!”

“அந்தக் கப்பல்தாம்மா இது.”

பூவாத்தாள் சுவரை அண்ணாந்து பார்த்தாள். நாச்சிமுத்து மறுபடியும் பெட்டியைத் தூக்கினார்.

“வெச்சிருங்க. இதையே பாத்துப் பழகிக்கறேன்.”

மறுநாள் கப்பல் நகர்ந்தபோது அவள் கடல் பக்கம் திரும்பவே இல்லை. கரையில் ஹோட்டலின் மூன்றாம் மாடி ஜன்னலைத் தேடிப் பிடித்து, கணவரின் கையை இடித்தாள்.

“அங்க பாருங்க, நம்ம ரூமுக்கு இப்பத்தான் கடல் தெரியுது!”