பயன்பாட்டில் மூன்று

ஆவூரில் ஷர்லி டீச்சரிடம் ஒரு வார்த்தை கேட்காமல், கம்ப்யூட்டர் வேகமாக ஓடட்டும் என்று அவள் கணவர் பீட்டர் ஒரு ரேம் வாங்கி வந்துவிட்டார். பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் பாடமே நடத்துகிறவளுக்கு அது பெரிய அவமானம்.

"யூடியூப் பாத்து வாங்கினீங்களாக்கும்? எதையும் தொடாம அங்கிட்டு உக்காருங்க."

அவளே மாட்டினாள். ரேம் செருக இருந்த இரண்டு ஸ்லாட்டில் ஒன்றில் பழைய ரேம், மற்றதில் புதியது. கம்ப்யூட்டரைப் போட்டுத் திரையில் பார்த்தால், மொத்த ஸ்லாட் இரண்டு, பயன்பாட்டில் மூன்று.

"ரெண்டுல எப்புடி மூணு, ஷர்லி?"

"ஒங்களுக்குக் கணக்கும் நான்தான் சொல்லித் தரணுமா? நீங்க வாங்கினது போலி. அதான் தப்பாக் காட்டுது."

அணைத்துவிட்டுப் புதியதைக் கழற்றினாள். திரும்பப் போட்டால், ஒன்றே மாட்டியிருந்தும் பயன்பாட்டில் இரண்டு என்றது. மறுபடி அணைத்து, அவரை முறைத்தபடியே பழையதையும் கழற்றினாள். ரேம் இல்லாமல் எந்தக் கம்ப்யூட்டரும் ஓடாது என்று பதினோரு வருடமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லி வருகிறவள் அவள்.

"இப்பப் பாருங்க, பீப் பீப்னு கத்திட்டு நின்னுரும்."

பட்டனை அழுத்தினாள். வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே திரை வந்தது. பயன்பாட்டில் ஒன்று.

"நல்லாத்தான ஓடுது?" என்றார் பீட்டர் நிம்மதியாக.

இரண்டு ரேமும் ஷர்லியின் உள்ளங்கையில் கிடந்தன. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரையில் 'பயன்பாட்டில் ஒன்று' என்பது இரண்டானது.