பட்டம்மாள் சொன்னது

கடலூர் மஞ்சக்குப்பம் கட்சி அலுவலகத்தில் அந்த வீடியோவை மறுபடியும் ஓடவிட்டார்கள்.

டிவி நிறைய பட்டம்மாளின் முகம். காடாம்புலியூரில் முந்திரிக்கொட்டை உடைக்கிறவள். இரண்டு கைகளையும் முந்தானைக்குள் வைத்துக்கொண்டு பேசினாள்.

"எனக்கு ஒரு கொறையும் கெடையாது. கம்பெனியில கூலி சரியாத்தான் குடுக்குறாங்க. எம்.பி. அம்மா சொன்னது..."

அங்கே நின்றுவிட்டாள். படம் எடுக்கிற போனுக்கு மேலே யாரையோ நிமிர்ந்து பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "பொய்யிங்க" என்றாள்.

அந்த எம்.பி. அம்மா, எழிலரசி, முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். டெல்லியிலிருந்து காலையில்தான் கடலூர் வந்து சேர்ந்திருந்தாள். முகம்கூடக் கழுவவில்லை.

போன கூட்டத்தொடரில் அவள் பேசிய பேச்சில்தான் எல்லாம் தொடங்கியது. எதிர்க்கட்சியில் கடைசி வரிசைக்காரிக்குப் பேசக் கிடைக்கும் நேரம் கொஞ்சம். அந்த நேரத்தில் பட்டம்மாளின் விரல்களைப் பற்றி மட்டும் சொன்னாள். கொட்டை ஓட்டின் எண்ணெய் பட்டுப் பட்டு வெந்து, ரேகை அழிந்துபோன விரல்கள். ரேஷன் கடை மெஷினில் எத்தனை முறை அழுத்தினாலும் அவள் ஆளே இல்லை என்கிறது. இப்படிக் கையைக் கொடுத்து வாங்குகிற கூலியில் அடுப்பு எரியமாட்டேன் என்கிறது.

எதிர்வரிசை ஆளுங்கட்சிக்காரர்கள்கூட அன்று குறுக்கிடாமல் கேட்டார்கள்.

பெயரையும் ஊரையும் சொல்லலாமா என்று முன்கூட்டியே கேட்டிருந்தாள். தாராளமாகச் சொல்லுங்கள் என்று பட்டம்மாள் சிரித்திருந்தாள். தன் பெயர் டெல்லிவரை போவதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைதான்.

அந்தப் பேச்சை வைத்துத்தான், கொட்டை உடைக்கிற பெண்களுக்குக் குறைந்தபட்சக் கூலி கேட்டு எழிலரசி ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தாள். நிறைவேறாது என்று தெரியும். எதிர்க்கட்சிக்காரர் கொண்டுவரும் மசோதா அங்கே எங்கே நிறைவேறுகிறது? விவாதத்துக்கு வந்தால் அமைச்சர் எழுந்து ஏதாவது ஒரு பதில் சொல்லித்தானே ஆகவேண்டும், அதைப் பிடித்துக்கொண்டு மேலே போகலாம் என்று நினைத்திருந்தாள்.

நேற்று அமைச்சர் எழுந்தார். கையிலிருந்த போனைத் தூக்கிக் காட்டினார். உறுப்பினர் யாருக்காகக் கண்ணீர் விட்டாரோ அந்தப் பெண்மணியே அது பொய் என்கிறார், இதற்குமேல் விவாதிக்க என்ன இருக்கிறது என்றார். எதிர்வரிசை மேசையைத் தட்டிச் சிரித்தது.

பக்கத்து இருக்கைக்காரர், எழுந்து பதில் சொல்லச் சொல்லி முழங்கையால் இடித்தார். எழிலரசி எழுந்தாள். மசோதாவைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

"மேல பாக்குது பாருங்க. மொதலாளி எதிர்ல நின்னு மெரட்டுறான்." மாவட்டச் செயலாளர் திருநாவுக்கரசு மேசையைக் குத்தினார். "இத எடுத்தவன் யாருன்னு மட்டும் தெரியட்டும்."

சிதம்பரத்திலிருந்து வந்திருந்த கட்சிக்காரர்கள், அந்தப் பொம்பளை காசு வாங்கியிருப்பாள் என்றார்கள். அவளைக் கூட்டிவந்து பத்திரிகைக்காரர்கள் முன்னால் நிறுத்தலாம் என்று ஒருவர் எழுந்தார். அடுத்த தேர்தலில் தெருத்தெருவாக இந்த வீடியோவைத்தான் போடுவார்கள், நமக்கு சீட்டே கிடைக்காது என்று இன்னொருவர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"யாரும் காடாம்புலியூர் பக்கம் போவக் கூடாது" என்றாள் எழிலரசி.

காரணம் கேட்டார்கள். டிவியை அணைக்கச் சொன்னாள்.

சில வாரங்களுக்கு முன்பு அவள் மட்டும் அங்கே போயிருந்தாள், காரில் கட்சிக் கொடி இல்லாமல்.

பட்டம்மாளுக்கு அப்போது வேலை இல்லை. பார்லிமெண்டில் பேர் வந்தவள் என்று அவள் கம்பெனியில் நிறுத்திவிட்டார்கள். சுற்று வட்டாரத்தில் வேறு எந்தக் கம்பெனியிலும் உள்ளே விடவில்லை. வேண்டுமானால் மகளை அனுப்பு என்றிருந்தார்கள். சிதம்பரத்தில் நர்சிங் படித்துக்கொண்டிருந்த பெண், பெட்டியோடு வீடு வந்து சேர்ந்திருந்தாள். அடுத்த திங்கட்கிழமை அவள் கொட்டை உடைக்கப் போவதாக இருந்தது.

பட்டம்மாள் திட்டவில்லை. ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். காபி கொடுத்தாள். அப்புறம்தான் கேட்டாள்.

"ஏம்மா, அங்க பேசுனதத் திருப்பி வாங்கிக்க முடியுமா?"

முடியாது. அங்கே பேசியது பேசியதுதான். அதை இல்லை என்று சொல்ல இனி பட்டம்மாள் ஒருத்தியால்தான் முடியும் என்று எழிலரசிக்குத் தோன்றியது. அப்படிச் சொன்னால் மசோதா என்ன ஆகும், அந்த வட்டாரத்தில் உடைக்கிற மற்ற பெண்கள் என்ன ஆவார்கள் என்பதும் உடனே தெரிந்தது. உள்ளறையில் அந்தப் பெண் புத்தகங்களைச் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள்.

எழிலரசி தன் போனை எடுத்தாள். கைகளை முந்தானைக்குள் வைத்துக்கொள்ளச் சொன்னாள். என்னென்ன சொல்லவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள்.

வீடியோ ஊரெல்லாம் சுற்றிய அன்றே பட்டம்மாளைத் திரும்ப வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள், அதே கூலிக்கு. மகள் சிதம்பரம் பஸ் ஏறிவிட்டாள்.

சொல்லிக்கொடுத்ததையெல்லாம் பட்டம்மாள் ஒழுங்காகத்தான் சொன்னாள். அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் வாய் வரவில்லை. நிமிர்ந்து பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது.

அந்த இடத்தில் இன்னொரு குரல் இருந்தது. வெளியே விடுவதற்கு முன்னால் எழிலரசியே அதை அழித்துவிட்டிருந்தாள்.

"சொல்லுக்கா. பொய்யின்னு சொல்லு."