கொசுத் தொல்லை

“பார்த்தியா, மறுபடியும் வந்துட்டான் கொசு.”

ஞாயிற்றுக்கிழமை காலையில் லேப்டாப்பை மனைவி பக்கம் திருப்பினான் அவன்.

கொசு என்பது அவன் வைத்த பெயர். அந்த ஆசாமி இணையத்தில் ‘பயனர்’ என்ற மொட்டைப் பெயரில்தான் எழுதுவார்.

அவன் ஒரு மென்பொருள் செய்திருந்தான். கம்ப்யூட்டரில் கண்டபடி கிடக்கும் ஃபைல்களை அழகாக அடுக்கித் தரும். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். நாமே குட்டி ஸ்கிரிப்ட் எழுதி, ‘இதை இங்கே வை, அதை அங்கே வை’ என்று கட்டளையும் போடலாம். முழுக்க இலவசம். உள்ளே இருக்கும் நிரலையும் யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம்.

உலகமே திரண்டு வந்து திருத்தும் என்று நம்பினான். பல மாதம் ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. பிறகு வந்தது இந்தக் கொசு மட்டும்தான்.

“இன்னிக்கு என்னவாம்?” என்றாள் மனைவி.

“படிக்கறேன் கேளு. ‘பழைய கணினியில் லினக்ஸில், இத்துடன் இணைத்துள்ள ஸ்கிரிப்ட் பாதியில் நின்றுவிடுகிறது. மூன்றிலும் ஓடும் என்று பெரிதாகப் போட்டிருக்கிறீர்களே, ஓட்டிப் பார்த்தீர்களா?’ திமிரைப் பாரேன். என் மெஷின்ல ஓடுதே.”

“உங்க மெஷின்ல ஓடினா அவருக்கு என்ன லாபம்?”

கேள்வி சரியானதுதான். அதனாலேயே அவனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

“ஓசியில குடுத்தா இதான் மரியாதை. வாராவாரம் ஒரு குத்தம். போதும்டா சாமி, இன்னிக்கோட மூடுவிழா.”

“அந்த ஆள் குத்தம் எழுதற அன்னிக்குத்தான் நீங்க விசிலடிச்சுக்கிட்டே வேலை பார்க்கறீங்க.”

“நானா? விசிலா?”

உள்ளறையிலிருந்து மாமனார் வந்தார். ஓய்வு பெற்ற தணிக்கை அதிகாரி. அடுத்தவர் கணக்கில் தப்புக் கண்டுபிடிப்பதையே உத்தியோகமாகப் பார்த்தவர். ஓய்வுக்குப் பிறகு அவருக்கு வாய்த்தது மாப்பிள்ளை ஒருவன்தான்.

“என்ன மாப்பிள்ளை, லீவு நாள்லயும் ஊருக்கு உழைக்கறீங்களா?”

“இனிமே இல்ல மாமா. நிறுத்தப் போறேன்.”

நடைப்பயிற்சிக்குச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். ஒற்றைக் காலில் செருப்போடு சற்று நேரம் நின்றார். வழக்கமாக இந்த இடத்தில் வாயாரக் குத்திக் காட்டிவிட்டுத்தான் போவார். இன்று ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டார். திட்டு வாங்கக்கூடத் தகுதி இல்லாதவனாகிவிட்டோமோ என்று அவனுக்கு அதுவும் சுட்டது.

மூடுவது மூடுகிறோம், கொசு சொன்னது பொய் என்று நிரூபித்துவிட்டு மூடலாம் என்று தோன்றியது. பழைய கம்ப்யூட்டருக்கு எங்கே போவது?

“அப்பா ரூம்ல ஒண்ணு கிடக்குதே” என்றாள் மனைவி.

இருக்கிறதுதான். கிழடு தட்டிப்போன அந்தப் பெட்டியைத் தூக்கிப்போட மாமனாருக்கு மனசு வராததால், இவனே லினக்ஸ் போட்டு ஓட வைத்துக் கொடுத்தான். அதோடு சரி, அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. மூன்றிலும் ஓடும் என்று ஊருக்கெல்லாம் சொன்னவனுக்கு, அடுத்த அறையில் இருப்பதில் ஓட்டிப் பார்க்கத் தோன்றியதே இல்லை.

அறைக்குள் போய் மௌஸை அசைத்தான். திரை மெல்ல விழித்தது.

அவனுடைய மென்பொருள் ஏற்கெனவே திறந்திருந்தது. கொசு காலையில் அனுப்பிய அதே ஸ்கிரிப்ட், எழுத்துப் பிசகாமல் அதில் இருந்தது. பாதியில்தான் நின்றிருந்தது.

நேரில் குத்திக் காட்டுவது போதாதென்று, ஊர் பார்க்க இணையத்தில் வேறு மானத்தை வாங்கியிருக்கிறார் மனிதர்.

வாசலில் செருப்புச் சத்தம். மாமனார் சீக்கிரமே திரும்பிவிட்டார்.

“மாமா, அந்தப் பயனர் நீங்கதானா?”

மாமனார் துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைக்கும் அளவுக்கு வியர்வை இல்லை.

“ஆமா.”

“ஸ்கிரிப்ட் எழுத யார் சொல்லிக் குடுத்தாங்க?”

“நீங்க எழுதின உதவிப் பக்கத்தைப் படிச்சுத்தான் கத்துக்கிட்டேன். அதுலயும் தப்பு இருக்கு. அதை அடுத்த வாரத்துக்குன்னு எடுத்து வச்சிருக்கேன்.”

“சரி, அடுக்கற அளவுக்கு உங்ககிட்ட என்ன ஃபைல் இருக்கு?”

“எனக்கேது ஃபைல்? பேப்பர் படிக்கறதுக்கு மேல இந்தப் பெட்டியில எனக்கு ஒரு ஜோலியும் கிடையாது.”

“அப்புறம் எதுக்கு மாமா வாராவாரம் உக்காந்து என்னைத் திட்டி எழுதறீங்க?”

மாமனார் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. திரையில் நின்றுபோயிருந்த ஸ்கிரிப்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“‘திட்டறதுக்குக்கூட ஒருத்தன் வரலையே’ன்னு அன்னிக்கு நீங்க பாதிச் சாப்பாட்டுல எழுந்து போயிட்டீங்க மாப்பிள்ளை. பாராட்டறது எனக்கு வராது. திட்டறதுதான் நல்லா வருமே.”