சொஜ்ஜி அணை

"இன்னிக்கு உங்க வாயிலேர்ந்து அணைங்கற வார்த்தை வரப்படாது. வந்துதோ, நான் எங்கண்ணா ஆத்துக்குக் கிளம்பிடுவேன்," என்றாள் ஜகதாம்பாள்.

"நானாப் பேசமாட்டேன். அவா ஆரம்பிச்சா?"

"அவா ஆரம்பிச்சா நீங்க பஜ்ஜியைத் தின்னுண்டு சும்மா இருங்கோ."

"ஆய்த்து, ஆய்த்து," என்று கன்னடத்தில் சரி சொல்லித் தலையாட்டினார் ஸ்ரீகண்டன்.

ஆட்டாமல் என்ன செய்வார், பாவம். மைசூர் சமஸ்தானத்தில் இன்ஜினீயர். காவிரி அணையின் மதகைத் திறக்கும் உத்தரவில் அவர் கையெழுத்தும் உண்டு. அந்தப் பெருமையை வாயில் அடக்கி வைக்க அவருக்குத் தெரியாது. பெங்களூர் மல்லேசுவரத்து வீட்டின் இதே கூடத்தில் ஏற்கெனவே இரண்டு தஞ்சாவூர் வரன்கள் வந்து, தண்ணீர்ச் சண்டை போட்டு, பெண்ணைப் பார்க்காமலே எழுந்து போயிருந்தார்கள். இதுவும் முறிந்தால் இனி யார் முன்னாலும் வந்து நிற்கமாட்டேன் என்று மகள் ரமா சொல்லிவிட்டாள். சொன்னால் சொன்னபடி செய்கிற பெண்.

மூன்றாவது வரனும் தஞ்சாவூர்ப் பக்கம்தான். பிள்ளை சுப்ரமணியனுக்கு பெங்களூரிலேயே உத்தியோகம். ரமா பாட்டுக் கற்றுக்கொள்ளும் வீட்டுக்கு எதிர் வீட்டில் குடியிருந்தான். வரன் எப்படித் தேடி வந்தது என்று ஸ்ரீகண்டன் யோசித்ததே இல்லை.

பிள்ளையின் அப்பா சுந்தரராமன், திருவையாற்று மிராசுதார். வந்து உட்கார்ந்ததும் துண்டால் விசிறிக்கொண்டார்.

"ஜில்லுன்னு இருக்கு உங்க ஊர். எங்க ஊர்ல போன ஆனி மாசம் காவேரிக்குள்ள பசங்க கோலி ஆடினா."

ஸ்ரீகண்டன் ஒரு பஜ்ஜியை வாயில் திணித்துக்கொண்டார்.

"எல்லாம் அணை கட்டினப்புறம் வந்த வினை."

இன்னொரு பஜ்ஜி.

"அந்த மதகுல உக்காந்திருக்கறவன் எவனோ, அவனுக்கு நெஞ்சுல ஈரமே கிடையாது."

பஜ்ஜி நெஞ்சுக்குள் இறங்கிவிட்டது. வாய் காலியாகிவிட்டது. அப்புறம் கேட்கவேண்டுமா?

"அணை இல்லேன்னா வெள்ளத்துல நீங்க இங்கே தோணியிலதான் வந்திருக்கணும். இதோ பாருங்கோ," என்று ஸ்ரீகண்டன் தன் தட்டை நடுவில் இழுத்தார். சொஜ்ஜியைக் குறுக்கே கரையாகக் கட்டினார். "இந்தப் பக்கம் மைசூர். அந்தப் பஜ்ஜிதான் தஞ்சாவூர். இப்போ காவிரியை விடறேன்." சட்னியை ஊற்றினார். சட்னி சொஜ்ஜியில் முட்டிக்கொண்டு நின்றது.

மிராசுதார் குனிந்து பார்த்தார். "எங்க பஜ்ஜிக்குச் சட்னி வரலையே."

"வரும். நான் கையெழுத்துப் போட்டா வரும்."

மிராசுதார் ஆள்காட்டி விரலை நீட்டி சொஜ்ஜியை ஒரே குத்தாகக் குத்தினார். அணை உடைந்தது. காவிரி தஞ்சாவூரையும் தாண்டி ஸ்ரீகண்டனின் பட்டு வேஷ்டியில் பாய்ந்தது.

"சுப்பிரமணி, எழுந்திரு. ஜட்காவைக் கூப்பிடு."

பிள்ளை மறுபேச்சுப் பேசாமல் வாசலுக்குப் போனான். சமையலறைக் கதவருகே ஜகதாம்பாள் தலையில் கைவைத்துக்கொண்டு நின்றாள். ஸ்ரீகண்டன் வேஷ்டியைத் துடைத்துக்கொண்டார். இந்தப் பாழும் வாயால் மூன்றாவதும் போச்சே.

போன பிள்ளை சாவகாசமாகத் திரும்பி வந்தான். "ஜட்காக்காரன் குதிரைக்குப் புல் வாங்கப் போயிருக்கான். வந்துடுவான்," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான். அவனுடைய புது வேஷ்டியில் துருக்கறை பட்டிருந்தது. வண்டிச் சக்கரத்தில் பட்டிருக்கும் என்று ஸ்ரீகண்டன் நினைத்துக்கொண்டார்.

கோபத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் மிராசுதார் ஒரு மிளகாய் பஜ்ஜியை முழுசாக வாயில் போட்டுக்கொண்டார். விக்கல் பிடித்தது.

"தண்ணி," என்றார்.

"ஜகதா, தண்ணி கொண்டா."

"குழாயில வரலையே."

"குடத்துல?"

"இப்பத்தான் ரமா கறிவேப்பிலைச் செடிக்குக் கொட்டினா. கிணறு வத்தித்தான் மாசமாறதே."

"எனக்கு, விக், குடிக்கக்கூடவா, விக், அணை?" என்றார் மிராசுதார்.

ஸ்ரீகண்டன் ஓடிப்போய்க் குழாயைத் திருகினார். புஸ்ஸென்று காற்றுதான் வந்தது. ஊர் ஊராக ஓடுகிற ஆற்றையே நிறுத்துகிறவர் வீட்டில் விக்கலுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் இல்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது, கோபமாக வெளியே வந்தது.

"எல்லாம் அந்த மேட்டுத்தெருப் பெரிய மனுஷா பண்ற அக்கிரமம். அவா ரோஜாச் செடிக்குப் பாய்ச்சின மிச்சம்தான் நமக்கு. மேல உக்காந்துண்டா எல்லாம் அவா வெச்ச சட்டமா? கீழே இருக்கறவனுக்குத் தொண்டையே கிடையாதா?"

தான் பேசியது தனக்கே கேட்டதும் ஸ்ரீகண்டனுக்கு முகம் தொங்கிப்போயிற்று.

மிராசுதார் அவரையே பார்த்தார். பிறகு தொந்தி குலுங்கச் சிரித்தார். சிரித்த சிரிப்பில் விக்கல் போயே போய்விட்டது. "ஸ்வாமி, இதைத்தானே நான் வந்ததிலேர்ந்து சொல்லிண்டிருக்கேன்."

"எனக்கு மேலயும் கையெழுத்துப் போட ஆள் இருக்கா," என்றார் ஸ்ரீகண்டன் குரல் இறங்கி. "ஆனா வர்ற ஆனியில முதல் கையெழுத்து என்னோடது."

"அது போறும். பொண்ணைக் கூப்பிடுங்கோ."

சுப்ரமணியன் எழுந்தான். "ஜட்கா வந்திருந்தா, காத்திருக்கச் சொல்லிட்டு வரேன்."

அவன் போன சற்று நேரத்தில் உள்ளே குழாய் செருமிக்கொண்டு கொட்டத் தொடங்கியது. ரமா காப்பியோடு வந்து நமஸ்கரித்தாள். "பொண்ணு வரச்சே தண்ணியும் வந்துடுத்து, ராசிக்காரி," என்று மிராசுதார் பூரித்துப்போனார். கையோடு தாம்பூலத் தட்டும் மாற்றியாயிற்று.

வழியனுப்ப வாசலுக்கு வந்த ஸ்ரீகண்டனுக்கு மட்டும் ஆறவில்லை. "நாளைக்கே அந்த மேட்டுத்தெருக்காரா மேல முனிசிபாலிட்டியில புகார் குடுக்கப்போறேன்," என்றார்.

ஜட்காவில் ஏறப்போன மாப்பிள்ளை வேஷ்டிக் கறையைத் தட்டிக்கொண்டே நின்றான்.

"புகாரெல்லாம் வேண்டாம் மாமா. உங்காத்து வாசல் கேட்டுக்குப் பக்கத்துல இருக்கற குழாய்த் திருகு ரொம்பத் துருப்பிடிச்சிருக்கு. அடுத்த தடவை என்னை மூடச் சொல்றதுக்கு முன்னாடி அதுல ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டு வெக்கணும்னு ரமாகிட்ட சொல்லிடுங்கோ."