சத்தியம் வாங்காத சாட்சி

"என் புருஷனைச் சுட்டது நான்தான் ஐயா. ரெமி அப்போ வீட்லயே இல்ல."

பிரான்சின் லியோன் நகர நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல வந்த ஒதெத், சத்தியம் செய்யக் கையைத் தூக்கினாள்.

"கையை இறக்குங்கம்மா," என்றார் நீதிபதி கனிவாக. "கூண்டுல நிக்கிறவனோட தாய்கிட்ட நாங்க சத்தியம் வாங்குறதில்ல. பெத்த பாசம் பொய் சொல்லும்னு சட்டத்துக்கே தெரியும்."

"இவளாவது சுடுறதாவது! கோழியறுக்கவே அடுத்த வீட்டாளைக் கூப்பிடுவா," என்றாள் பின்னாலிருந்த ரொட்டிக்கடைக்காரி.

மாலையில், ரெமியின் தலையை வெட்டச் சொல்லித் தீர்ப்பு வந்தது.

"எனக்காக இப்படியாம்மா பொய் சொல்றது?" என்று விலங்கோடு அழுதான் மகன்.

சுட்ட கையோடு ஒதெத் துப்பாக்கியை ரோன் ஆற்றில் வீசியிருந்தாள், பாவி. அவள் சொன்னது நிஜமென்று அந்த ஆற்றுக்கு மட்டும்தான் தெரியும்.