மீன் போட்ட கவர்

"அம்மா, அந்தக் கவரை முதுகுக்குப் பின்னாடி மறைச்சுக்கோ. யாராவது பார்த்துடப் போறாங்க!"

கேட்டுக்குள் நுழையும்போதே டீச்சர் பல்லைக் கடித்தாள். கல்யாணம் பேச, பையன் வீட்டுக்கு முதல் முதலாக வருகிறார்கள். அம்மா ஆப்பிள் கொண்டுவந்திருப்பதோ ஒரு பழைய பிளாஸ்டிக் கவரில். கசங்கி, வெளுத்து, மூலையில் ஒரு நீல மீன் பாதி அழிந்துபோன கவர்.

"கிழியலையேடி" என்றாள் அம்மா. "கிழிஞ்சாத்தானே தூக்கிப் போடணும்?"

இதைக் கேட்டுக் கேட்டு டீச்சருக்குக் காது புளித்துவிட்டது. எல்லார் வீட்டுக் கொடியிலும் துணி காயும். இவர்கள் வீட்டுக் கொடியில் கவர் காயும். கழுவி, உதறி, க்ளிப் வேறு போட்டு! மகள் ஆசையாக வாங்கிக் கொடுத்த அரை டஜன் துணிப் பைகளோ, 'புதுசு, அழுக்காயிடும்' என்று பீரோவில் பத்திரமாகத் தூங்கின.

"உனக்கு ஒரு மகள் இருக்கா. அவ பள்ளிக்கூடத்துல சயின்ஸ் எடுக்கறா. பிளாஸ்டிக்கால கடல் என்ன ஆகுதுன்னு நாள் பூரா தொண்டை கிழியக் கத்தறா. அதாவது ஞாபகம் இருக்கா?"

"இருக்கு, இருக்கு. நீ காலிங் பெல்லை அடி."

ஞாயிற்றுக்கிழமைகளில் கடற்கரையில் குப்பை பொறுக்கும் கூட்டத்துக்கு டீச்சர்தான் தலைவி. அங்கேதான் இந்தப் பையனைப் பார்த்தாள். மற்றவர்கள் கிடைத்த கவரைச் சாக்கில் திணிப்பார்கள். அவன் மட்டும் ஒவ்வொன்றையும் விரித்து, மூலையைப் பார்த்து, பெருமூச்சு விட்டுவிட்டுத்தான் போடுவான். கடல் மேல் இத்தனை கரிசனமா என்று அவள் விழுந்ததே அந்தப் பெருமூச்சில்தான்.

'அப்பாவுக்கு பேக்கிங் தொழில்' என்று ஒருமுறை சொன்னான். அட்டைப் பெட்டி போலிருக்கிறது என்று அவளாக நினைத்துக்கொண்டாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அவளுக்கு மனசு குளிர்ந்துபோனது. குடிக்க மண்பானைத் தண்ணீர். சமையலறை அலமாரி நிறையக் கண்ணாடி ஜாடிகள். கை கழுவப் போன இடத்தில்கூடச் செம்பு வாளி, செம்புச் சொம்பு. மருந்துக்குக்கூட ஒரு பிளாஸ்டிக் டப்பா இல்லை. வாழ்ந்தால் இப்படி ஒரு வீட்டில் வாழ வேண்டும்!

அவன் அம்மா ஆப்பிளைக் கூடைக்கு மாற்றினாள். காலிக் கவரைச் செத்த எலியின் வாலைத் தூக்குவது போல இரண்டு விரலால் தூக்கினாள்.

"தப்பா நினைச்சுக்காதீங்க. இந்தக் கருமத்தையெல்லாம் நாங்க வாசப்படி தாண்ட விடறதில்லை."

"ஐயோ, போட்டுடாதீங்க. இப்படிக் குடுங்க, வீட்டுக்குப் போய்க் கழுவி வெச்சுக்கறேன்" என்று அம்மா கையை நீட்டினாள்.

டீச்சருக்கு மானம் போயிற்று. "நானும் எவ்வளவோ சொல்லிப் பார்த்துட்டேன் ஆன்ட்டி. இவங்களை மாதிரி ஆளுங்களாலதான் கடலே நாறுது."

அம்மா சிரித்தாள். சிரித்தபடியே நீட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

அவன் வெள்ளி டம்ளரில் காபி கொண்டுவந்து வைத்தான். டீச்சரின் முகத்தைப் பார்க்கவில்லை. கூச்சம் என்று நினைத்தாள்.

"நம்ம பொண்ணு சொல்றது சரிதான்" என்று அவன் அப்பா சோபாவில் சாய்ந்துகொண்டார். "சூடா எதையாவது பிளாஸ்டிக்ல ஊத்தினா அத்தனையும் விஷம். எங்க வீட்ல அதுல பச்சைத் தண்ணிகூடக் குடிக்க மாட்டோம்."

"இந்த வீட்டுக்கு வர நான் குடுத்து வெச்சிருக்கணும் அங்கிள்."

அவர் பூரித்துப்போனார். மனைவி கையிலிருந்த கவரை எட்டி வாங்கி, விரலிடுக்கில் வைத்துத் தேய்த்தார். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். நீல மீனைக் கண்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அடடே, நம்ம மீன் மார்க்! இது பழைய அச்சாச்சே. இதை நிறுத்தியே ஏழெட்டு வருஷம் இருக்குமே!"

டீச்சர் கையிலிருந்த டம்ளர் பாதி வழியில் நின்றது. "நம்ம... மீன் மார்க்கா?"

"ஏன், பையன் சொல்லலையா? நம்ம ஃபாக்டரி சரக்கும்மா. கவர், கப், ஸ்ட்ரா, எல்லாம் உண்டு. ராத்திரி பகலா மெஷின் ஓடுது."

"அப்போ வீட்ல ஏன் ஒண்ணுகூட..."

"பண்றவனுக்குத் தெரியாதா, அதுல என்ன இருக்குன்னு?" என்று தொடையைத் தட்டிச் சிரித்தார். பிறகு அம்மாவின் பக்கம் திரும்பிக் கவரை ஆட்டினார்.

"ஏங்க சம்பந்தியம்மா, இது காலையில வாங்கி சாயங்காலம் வீசறதுக்குன்னே பண்ணின சாமான். இதைப் போய் இத்தனை வருஷமா கழுவிக் கழுவி வெச்சிருக்கீங்களே! எல்லாரும் உங்களை மாதிரி கிளம்பிட்டா நான் ஃபாக்டரியை இழுத்து மூடிட்டுப் போக வேண்டியதுதான்!"

டீச்சர் அவனைப் பார்த்தாள். ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தாள். கடற்கரையில் விடுகிற அதே பெருமூச்சு மட்டும்தான் வந்தது.

காபியை அப்படியே கீழே வைத்தாள். எழுந்து போய் அவர் கையிலிருந்து கவரை வாங்கினாள். பழைய மடிப்புத் தடத்திலேயே, அம்மா மடிக்கிற மாதிரி அதை நாலாக மடித்தாள்.

"எழுந்திரும்மா, போகலாம். இன்னைக்கு இதை நான் கழுவிக் காயப்போடறேன்."