வஞ்சிரம் இழுக்கும் ரீல்

தாம்பரத்தில் தூண்டில் சாமான் விற்கும் அப்துல் கஃபாருக்கு, ஆளைப் பார்த்ததும் பர்ஸின் கனம் தெரிந்துவிடும். ஈவ்லின் டீச்சர் முன்னால் தூண்டில் நரம்பைச் சுற்றும் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் ரீலைத்தான் முதலில் வைத்தார்.

"வீட்டுக்காரருக்கு பாய். இதுல என்ன மீன் பிடிக்கலாம்?"

"காரப்பொடி, மத்தி. சின்ன மீனுக்கு இது போதும்மா."

"அதைத்தான் வாராவாரம் கொண்டு வர்றார். கேட்டா, 'என் ரீலுக்கு இவ்வளவுதான் மாட்டும்'ங்கிறார். இந்த ஞாயித்துக்கிழமை எங்க அண்ணன் குடும்பம் சாப்பிட வருது. காரப்பொடியை வச்சா என் மானம் போயிடும்."

கஃபார் சட்டென்று எட்டாயிரம் ரூபாய் ரீலை எடுத்தார்.

"உப்புத் தண்ணிக்குத் துருப்பிடிக்காது. பத்து வருஷம் உழைக்கும். வஞ்சிரத்தையே இழுத்துடும்!"

"அந்த வஞ்சிரத்தை மட்டும் டப்பா மேல பெருசா எழுதிக் கொடுங்க."

டீச்சர் பேரம் பேசி ஐந்நூறு குறைத்து, போனிலேயே பணத்தை அனுப்பினார். காசு வந்து சேர்ந்த பிறகு கஃபாருக்கு மனசாட்சி விழித்தது.

"ஆனா சாருக்குக் கை பழகணும்மா. இந்த ஞாயித்துக்கிழமையே மாட்டும்னு சொல்ல முடியாது."

"கை எதுக்கு பாய்? அவர் பிடிக்கிற மீனெல்லாம் செதில் எடுத்து, துண்டு போட்டுத்தான் வீட்டுக்கு வருது. கோவளத்துல வாங்கிட்டு வர்றார்."

கஃபார் திகைத்தார். "அப்போ இந்தக் காசுக்கு நீங்களே வஞ்சிரம் வாங்கிடலாமே!"

"நாலு வாரத்துக்கு வாங்கலாம்," என்றார் டீச்சர், டப்பாவைப் பையில் வைத்தபடி. "இனிமே அவர் ரீல் மேல பழி போட முடியாது. இது பத்து வருஷம் உழைக்கும்னு நீங்கதானே சொன்னீங்க?"